மூன்றாவது சுரங்கத்தில் பிடித்த துண்டு

நான் பிறந்த ஊரும் வாக்கப்பட்ட ஊரும் ஒரே மலைக்கு முன்னும் பின்னும் இருந்தன. மாட்டுவண்டியில் மலையைச் சுற்றிக்கொண்டு போனால் விடியலில் கிளம்பி விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அதுவும் மாடு மனசு வைத்தால். மலைக்குள்ளேயே ஒரு குறுக்கு வழி உண்டு. ஆனால் அது மனுஷர்களுக்காக வெட்டியது இல்லை, தண்ணீருக்காக வெட்டியது.

எந்தக் காலத்திலோ ஒரு ராஜா, மலைக்கு அந்தப் பக்கம், நான் பிறந்த ஊர்ப் பக்கமாக விழுந்துகொண்டிருந்த ஓடையை மறித்து, மலையின் இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல் ஒரு கால்வாய் வெட்டி, பாறை குறுக்கே நின்ற மூன்று இடங்களில் பாறையையே குடைந்து, தண்ணீரை நான் வாக்கப்பட்ட ஊர் வயலுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டான். எந்த ராஜா என்று கேட்டால் மேலத்தெருவில் ஒரு பெயர் சொல்வார்கள், கீழத்தெருவில் வேறு பெயர் சொல்வார்கள். அடிதடி வரைக்கும் போயிருக்கிறது. ஒரு ராஜாவும் வந்து "வெட்டினது நான்தான்" என்று விலக்கிவிடவில்லை. கால்வாய்க்கு மலைக்கால் என்று பெயர். குடைந்த சுரங்கங்களைப் புடவு என்போம். முதல் புடவு சின்னது. இரண்டாவது அதைவிட நீளம். மூன்றாவது மலையின் வயிற்றுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்த்தான் மூச்சு விடும். எத்தனை கஜம் என்று என்னிடம் கேட்கக் கூடாது. நான் பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு கோடைக்காலம். பாளையங்கோட்டையிலிருந்து வந்த டீச்சரம்மாவுக்கு அதில் பாதி நாள் காய்ச்சல். மீதி நாள் எனக்கு.

வருஷத்தில் மற்ற நாளெல்லாம் புடவுக்குள் தண்ணீர் நெஞ்சு மட்டத்துக்குப் போகும். வைகாசிக் கடைசியில், சாரல் இறங்குவதற்கு முன்னால், தலைமதகை அடைத்துவிட்டு ஊர் முழுக்க மலையேறித் தூர் வாரும். வீட்டுக்கு ஒரு மண்வெட்டி, ஒரு பெட்டி. அதாவது வெட்டிப்போட ஓர் ஆண், பனையோலைப் பெட்டியில் மண் சுமக்க ஒரு பெண். மறுநாள் காலையில் மதகைத் திறந்துவிடுவார்கள். ஆக, கால் நனையாமல் மலையைக் கடந்து என் அம்மை வீட்டுக்குப் போகிற வழி வருஷத்துக்கு ஒரு நாள்தான் திறந்திருக்கும்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வைகாசி அது. நடவு முடியும்வரை வண்டி கட்ட மாட்டார்கள். அந்த ஒரு நாளை நம்பித்தான் நான் இருந்தேன். காரணம் என் அக்கா.

அக்கா பேறுகாலத்துக்கு அம்மை வீட்டுக்கு வந்திருந்தாள். அது இரண்டாவது பேறு. முதல் பிள்ளை பிறந்தபோது சத்தமே போடவில்லை. மருத்துவச்சி என்னென்னவோ செய்து பார்த்தாள். கடைசியில் அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து அக்காவுக்குப் பேச்சு குறைந்துபோனது. இப்போது வயிறு இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்று இருக்கிறது என்று வளையல்காரர் வந்து சொன்னார். அவர் வண்டிப்பாதையில் ஊர் ஊராகப் போகிறவர். வளையலைவிடச் செய்திதான் அவரிடம் அதிகம் இருக்கும்.

"தாயி, ஒங்க அக்காவுக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. சொவத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. 'எந் தங்கச்சி பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் தெரியாது, அவள வரச் சொல்லுங்க'ன்னு எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுதா" என்றார்.

நான் அடுக்களைக்குப் போய் மாமியாரிடம் கேட்டேன்.

"கார் நடவு முடியட்டும், போலாம்" என்றாள்.

"அதுக்குள்ள பிள்ள பொறந்துருமே அத்தை."

"பொறந்தா நல்லதுதான? பொறந்த பிள்ளையப் போயிப் பாரு. பொறக்காத பிள்ளையப் போயி என்னத்தப் பாக்கப் போற?"

மாமியார் கெட்டவள் இல்லை. அவள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு பேச்சுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும், அவ்வளவுதான்.

மாமியார் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கோர்ட்டு ஒன்று உண்டு. அது மாமனார். ஆனால் அந்தக் கோர்ட்டில் மருமகள் நேராகப் போய் வழக்குச் சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம் இல்லை. வீட்டுக்குள் வருவதற்கு முன் வாசலில் நின்று ஒரு இருமல் இருமுவார், நான் உள்ளே போய்விட வேண்டும். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வார், இல்லாவிட்டால் மாட்டைப் பார்த்து. "தாகமா இருக்கு, தண்ணி வந்தா நல்லாருக்கும்" என்று மாட்டிடம் சொல்வார். மாடு சும்மா நிற்கும். நான் செம்பைக் கொண்டுபோய் வைப்பேன். எனக்கு அவர் குரல் தெரியும், இருமல் தெரியும், முதுகு தெரியும். முகம் என்று ஒன்றை நான் சரியாகப் பார்த்தது இல்லை.

அதனால் என் வழக்கைக் கோர்ட்டில் சொல்ல வக்கீல் பிடித்தேன். வக்கீல் என் புருஷன்.

"நாளைக்குத் தூர் வாரப் போறோம்லா, அப்பம் கேக்கேன்" என்றார்.

"கட்டாயம் கேப்பியளா?"

"ஏட்டி, எங்கப்பாட்ட பேசுறதுக்கு எனக்கென்ன பயம்?"

பயம் இல்லாதவர் ஏன் அதைக் குசுகுசுவென்று சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வக்கீலை முதலிலேயே பகைத்துக்கொள்ளக் கூடாது.

மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பெட்டி என் தலையில் வந்தது. தூர்வாரும் வேலைக்கு ஊர் சார்பில் மாமனார்தான் தலைமை. தலைமைக்காரர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கடைசிப் பங்கு விழும். மூன்றாவது புடவும் தாண்டி, தலைமதகை ஒட்டிய இடம். அங்கே நின்றால் கீழே நான் பிறந்த ஊர் தெரியும்.

விடியக்கருக்கலில் ஏறத் தொடங்கினோம். கால்வாயின் கரைதான் பாதை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில் பார்த்தால் கீழே பொருநையாறு வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் கிடந்தது. பாபநாசத்துப் பஞ்சாலைக் குழாயிலிருந்து புகை போனது. ரயில் ஒன்று தீப்பெட்டிகளைக் கோர்த்ததுபோல் அம்பாசமுத்திரம் பக்கம் ஊர்ந்தது. மேலே மரத்தில் கருமந்திகள் உட்கார்ந்து, இந்த வருஷம் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுபோல் ஒவ்வொருவரையும் பார்த்தன. இருவாச்சிப் பறவை ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது யாரோ பாய் உதறுகிற சத்தம் கேட்டது.

எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மைனி. என் புருஷனுக்கு அண்ணன் முறையாகிறவரின் மனைவி. அவள் வாய் என் வாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை.

"என்னளா, வழக்கமா மலையேறுனா மொகம் சிவக்கும். ஒனக்கு இங்கன ஏறுறதுக்கு முன்னாலயே சிவந்து கெடக்கு. ராத்திரி அழுதியோ?"

"இல்ல மைனி, வெங்காயம் உரிச்சேன்."

"ஊருக்கெல்லாம் சேத்து உரிச்சியாக்கும்!"

முதல் புடவு வாசலுக்கு வந்தோம். புடவுக்குள் பந்தம் கொளுத்திக்கொண்டு போகக் கூடாது. வாசல் பாறையிலெல்லாம் மலைத்தேனீக் கூடு தொங்கும். புகை பட்டால் பறந்து வந்து பிய்த்துவிடும். உரக்கப் பேசினால் உள்ளே வெளவால் கலையும். ஆகவே இருட்டில்தான் நடக்க வேண்டும், குசுகுசுப்பில்தான் பேச வேண்டும். முன்னால் போகிறவர் தோள் துண்டின் முனையைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் முன்னால் மாமனார், அவர் துண்டைப் பிடித்து என் புருஷன், என் புருஷன் துண்டைப் பிடித்து நான், என் பெட்டியைப் பிடித்து மைனி, கடைசியில் அவள் வீட்டுக்காரர். மாமியார் நெசவுக்காரரிடம் ஒரே துணியாக வாங்கி நடுவில் கிழித்து அப்பாவுக்குப் பாதி, பிள்ளைக்குப் பாதி என்று கொடுத்திருந்தாள். இரண்டும் ஒரே கரை, ஒரே முரடு.

முதல் புடவு தாண்டி வெளிச்சத்துக்கு வந்ததும் நான் புருஷனின் துண்டை ஒரு இழு இழுத்தேன்.

"கேட்டியளா?"

"இருட்டுக்குள்ள எப்பிடிக் கேக்க? மொகம் பாத்துல்லா கேக்கணும்."

"இப்பம் வெளிச்சந்தான?"

"இப்பம் மூச்சு வாங்குதாரு. ரெண்டாவது புடவு தாண்டட்டும்."

இரண்டாவது புடவும் தாண்டினோம். அதற்குப் பிறகு ஒரு பாறைத் தட்டு உண்டு. மேலேயிருந்து ஒரு சின்ன அருவி, நூல் மாதிரி, தட்டில் விழுந்து தெறிக்கும். எல்லாரும் உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். மாமனார் தனியாக ஒரு பாறையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தார். கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். என் புருஷன் எழுந்தார். அப்பாவின் பக்கத்தில் போனார். நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"என்னலே?"

"துவையல் வேணுமான்னு கேக்க வந்தேன்."

"கையிலதான இருக்கு."

"அதான், இருக்கான்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

மைனிக்குக் கஞ்சி புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே மீதி இருப்பது ஒரே ஒரு புடவு. அது தாண்டினால் தலைமதகு. அங்கே பங்கு மண்ணை வாரிப்போட்டுவிட்டுச் சாயங்காலம் இதே வழியில் திரும்பிவிடுவோம். மறுநாள் காலையில் தண்ணீர் வந்துவிடும். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"மூணாவதுல கட்டாயம்" என்றார் என் வக்கீல்.

மூன்றாவது புடவுக்குள் நுழைந்தோம். கொஞ்ச தூரத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கூட வரும். அதற்கப்புறம் கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். காலுக்கடியில் சேறு குளிர்ந்து கிடந்தது. சுவரெல்லாம் ராஜாவின் ஆட்கள் உளியால் கொத்தின தடம். கை வைத்தால் மீன் செதில் மாதிரி இருக்கும். வெளவால் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

பாதி வழியில் யாருடைய மண்வெட்டியோ பாறையில் இடித்தது. அவ்வளவுதான், மேலே தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் கலைந்து எங்கள் தலைக்கு மேலாகப் பறந்தது. முகத்தில் காற்று அடித்தது. என் காதை ஒரு இறக்கை உரசிக்கொண்டு போனது. நான் குனிந்துவிட்டேன், துண்டு கையை விட்டு நழுவியது. சத்தம் அடங்கினதும் கையை முன்னால் நீட்டித் துழாவினேன். இரண்டு எட்டு வைத்தபின் துண்டின் முனை அகப்பட்டது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். துண்டு நடந்தது, நானும் நடந்தேன்.

பயம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. இனி வெளிச்சம் வரும்வரை மிச்சமிருக்கிற நேரம்தான் என் நேரம் என்று தோன்றியது. துண்டை ஒரு இழு இழுத்தேன்.

"என்ன இன்னும் கேக்கல? மூணாவது புடவுன்னிய. இதுக்கு மேல புடவு வேணும்னா யமலோகத்துக்குத்தான் போகணும்."

பதில் இல்லை.

"உங்கப்பா என்ன புலியா? சரி, புலின்னே வச்சுக்கிடுவோம். வெளியிலதான் புலி. வீட்டுக்குள்ள அத்தை கரண்டியக் கொஞ்சம் சத்தமா வச்சாப் போதும், 'மாட்டப் பாத்துட்டு வாரேன்'னு தொழுவுக்குப் போயிருதாவ. மாடு என்ன பேறுகாலத்துக்கா நிக்கி, இப்பிடிப் போயிப் போயிப் பாக்க?"

துண்டு ஒரு நொடி நின்றது. பிறகு நடந்தது. சரி, வக்கீலுக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

"நான் மட்டும் சும்மா இருக்கேன்னு நெனைக்காதிய. மாமா சந்தைக்குப் போயிட்டு வந்தா துண்டுல என்ன வாசம் வருதுன்னு துவைக்குதவளுக்குத் தெரியாதா? காப்பி! அத்தைக்குக் காப்பியும் கள்ளும் ஒண்ணு. ரயிலோட வந்த பீடைங்கா. நான் அத்தைட்ட மூச்சு விட்டிருக்கேனா? சாம்பலப் போட்டுக் கசக்கி, வெயில்ல ரெண்டு தடவ காயப்போட்டு, வாசத்தப் போக்கியில்லா மடிச்சு வைக்கேன். அதுக்காகவாவது என்னைய அனுப்பலாம்லா?"

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மனுஷன் பேசாமல் வருகிறாரே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"நான் என்ன சொகமாப் படுத்துக்கெடக்கவா போகணுங்கேன்? அக்கா பயந்து சாவுதா. மொதப் பிள்ள சத்தம் போடல. இதுவும் போடாதோன்னு அவளுக்கு. நான் போயி ஒண்ணும் செஞ்சிர மாட்டேன். நான் என்ன மருத்துவச்சியா? அவ பக்கத்துல உக்காந்து நாலு கோட்டித்தனம் பேசுவேன். அவ சிரிப்பா. அம்புட்டுதான். சிரிச்சா பயம் கொஞ்சம் கொறையும்லா. அதைக் கேக்குறதுக்கு ஒங்களுக்கு வாய் வரல்ல, இல்லையா?"

கண்ணைத் துடைக்கத் துண்டின் முனையை எடுத்து முகத்தில் வைத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும்தான் தெரிந்தது.

காப்பி வாசம்.

முந்தின நாள் சந்தை. அந்தத் துண்டை நான் இன்னும் துவைக்கவில்லை.

அந்த இருட்டில் நான் எங்கே போவேன்? துண்டை விட்டால் விழுந்து மண்டை உடையும், விடாவிட்டால் மானம் போகும். மண்டை போனால் வராது, மானம் ஏற்கெனவே போய்விட்டது என்று கணக்குப் போட்டு, இரண்டு விரலால் மட்டும், புழுவைப் பிடிப்பதுபோல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் இருமியிருக்கலாம். ஒரே ஒரு இருமல், நான் நிறுத்தியிருப்பேன். இருமவில்லை. மருமகளோடு பேசக் கூடாது என்கிற வழக்கத்தை அவர் அந்த இருட்டிலும் காப்பாற்றிவிட்டார். மருமகள் பேசுவதைக் கேட்கக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை போலிருக்கிறது.

ஓர் இடத்தில் தரையில் பள்ளம் இருந்தது. அவர் நின்று, மண்வெட்டிக் காம்பால் பள்ளத்தின் விளிம்பைத் தட்டிக் காட்டினார். நான் துழாவிக் காலை எடுத்து வைக்கும்வரை துண்டு நகரவில்லை. பிறகு மெதுவாக நகர்ந்தது.

வெளிச்சம் முதலில் ஒரு காசு அளவு தெரிந்தது, பிறகு தட்டு அளவு, பிறகு வாசல். நான் துண்டை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

நானும் வெளியே வந்தேன். கீழே என் ஊர். குளம், குளத்துக்கரை மருதமரங்கள், அம்மை வீட்டு ஓலைக்கூரை. கூரைக்கு மேல் புகை. யாரோ வெந்நீர் வைக்கிறார்கள். எதற்கு வெந்நீர் என்று நினைத்ததும் கீழே இறங்குகிற தடத்தைக் கண்ணால் தேடினேன்.

நாங்கள் வந்து வெகுநேரம் கழித்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். முதலில் மைனி. அவள் பெட்டியைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி என் புருஷன். வெளிச்சத்தில் அது யார் பெட்டி என்று பார்த்ததும், சுட்டதுபோல் கையை எடுத்தார்.

"எளா, ஒன்னைய ராசாத்தி மாதிரில்லா வச்சுக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள் மைனி. "வெளவா வந்ததும் கொழுந்தனாரு உக்காந்துட்டாரு. பொறவு எம் பெட்டியப் புடிச்சுக்கிட்டு, வழி பூராவும் 'பயப்படாத, நான் இருக்கேன், பயப்படாத, நான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே வாராரு. எங்க வீட்டுல உள்ளது இத்தன வருசத்துல ஒரு நாளு அப்பிடிச் சொன்னது கெடையாது. நானும் யாருன்னு சொல்லல. கேக்க நல்லாத்தான இருந்துச்சு."

கடைசியில் வந்து நின்ற அவள் வீட்டுக்காரர் எங்கோ பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினார்.

என் புருஷன் என்னைப் பார்த்தார். பிறகு நான் யார் பின்னால் வந்திருப்பேன் என்று யோசித்து, அப்பாவைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. அந்த வெளுப்பிலிருந்து எப்படித்தான் தைரியம் வந்ததோ, நேராக அப்பா முன்னால் போய் நின்றார்.

"அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"துவையலா?"

"இல்லப்பா... வந்து... இவ அக்காவுக்கு..."

"கேட்டாச்சுலே."

"யாரு கேட்டா?"

"நீ கேக்க வேண்டியது, கேக்க வேண்டாதது எல்லாம் கேட்டாச்சு. புடவுக்குள்ள ஒரு வெளவா வந்து காதோட காதாச் சொல்லிட்டுப் போச்சு."

மாமனார் மண்வெட்டியை எடுத்து முன்னால் நட்டு வைத்துக்கொண்டு, அதனிடம் பேசத் தொடங்கினார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து கேட்டேன்.

"ஏ மம்பட்டி, கேட்டுக்கோ. பெட்டிக்கும் நடவுக்கும் ஆள் பாத்துக்கிடலாம். எறங்கிப் போறவுக வெயிலுக்கு முன்ன எறங்கணும். நாளைக்குத் தண்ணி வந்துட்டா இந்த வழி கெடையாது. பிள்ளைக்குத் தொட்டில் போட்ட பொறவு வண்டி அனுப்புதேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த வெளவாக்கு மூக்கு ரொம்ப நீளம். கொஞ்ச நாளு மலைக்கு அந்தப் பக்கம் போயித் தொங்கட்டும். அதான் எல்லாருக்கும் நல்லது."

என்னவென்று புரியாமலேயே மைனி சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் முந்தானைக்குள் அமுக்கினேன்.

"அது சரிப்பா" என்றார் என் புருஷன். "அம்மைட்ட யாரு சொல்லுவா?"

அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை எனக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் சாயல் இருப்பதாகவே தெரியாது. அப்போது பார்த்தால் ஒரே அச்சு.

"நீ சொல்லுலே. ஒம் பொஞ்சாதிதான."

"நீங்கதான அனுப்புதிய."

"நான் மாட்டப் பாக்கணும்லே" என்றார் மாமனார். சொன்ன பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நான் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்தேன்.

என்னைக் குளத்துக்கரை வரை கொண்டுவிட என் புருஷன் இறங்கி வந்தார். ஆளுயரப் புல். இருவரும் புல்லை விலக்கிக்கொண்டு நடந்தோம்.

"எங்கப்பாட்ட என்ன சொன்ன?"

"நீங்க சொல்லுதேன்னு சொன்னதத்தான் சொன்னேன்."

"வேற ஒண்ணுஞ் சொல்லலையே?"

"வேற என்ன இருக்கு சொல்ல?"

அவருக்குக் கடைசிவரை காப்பி விஷயம் தெரியாது. எனக்கு எழுதப் படிக்க வராது என்றாலும் சில கணக்குகளை வாய்விடாமல் வைத்துக்கொள்ளத் தெரியும். குளத்துக்கரையில் நின்று, "பயப்படாத, நான் இருக்கேன்" என்றார். "மைனிட்ட சொன்னது மிச்சமாக்கும்?" என்றேன். மலையைப் பார்க்கத் திரும்பினார். வீட்டில் மாமியாரிடம் சேதி சொன்னது யார் என்று நான் பிறகு விசாரித்தேன். மைனி சொன்னாளாம். இரண்டு ஆம்பிளைகளும் தொழுவத்தில் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

அம்மை வீட்டில் வெந்நீர் வைத்தது குளிக்கத்தான். அக்கா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மண் அப்பின காலோடும் சேலையோடும் என்னைக் கண்டதும் அவள் கண் பெரிதானது.

"ஏட்டி, எப்பிடி வந்த? எந்த வழியா வந்த?"

"மாமனாரு துண்டப் புடிச்சுக்கிட்டு வந்தேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை. முழுதும் சொல்லவில்லை நானும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சாப்பாட்டுக்கு ஒரு புடவு என்று சொல்லி, சோறு இறக்கினேன். மூன்றாவது புடவுக்கு வருவதற்குள் அவளுக்கு இடுப்புவலி வந்துவிட்டது.

மறுநாள் காலை வெயில் ஏறுகிற நேரம். மருத்துவச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் இரண்டு உடைந்தது. வலி விட்டு விட்டு வந்தது. விடுகிற இடைவெளியில் நான் மீதியைச் சொன்னேன். வெளவால் பறந்ததைச் சொன்னேன். மாடு பேறுகாலத்துக்கா நிற்கிறது என்று கேட்டதைச் சொன்னேன். காப்பி வாசம் வந்த இடத்தில் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். வருஷக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு.

"இங்கன என்ன கல்யாணமா நடக்கு?" என்று மருத்துவச்சி அதட்டினாள். "சிரிக்காத தாயி, மூச்சக் கட்டு. ஏளா, நீ வாயப் பொத்து. இன்னொரு வார்த்த பேசுன, தூக்கி வெளிய போட்டுருவேன்."

வாயைப் பொத்தினேன். அக்கா மூச்சைக் கட்டினாள். பிள்ளை வந்தது.

வந்தது, ஆனால் சத்தம் இல்லை. மருத்துவச்சி அதைத் தலைகீழாகப் பிடித்தாள். முதுகில் தட்டினாள். வாயில் விரல் விட்டு வழித்தாள். அடுக்களையில் அம்மை வைத்திருந்த பானை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அழுதுச்சா?" என்றாள் அக்கா. "ஏட்டி, அழுதுச்சா?"

எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவோ பேசின வாய். என்னிடம் ஒரு கோட்டித்தனமும் மிச்சமில்லை. அவள் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மருத்துவச்சி பிள்ளையின் உள்ளங்காலை இன்னொரு தடவை சுண்டினாள்.

அப்போது ஒரு தும்மல். அதற்குப் பின்னால் ஒரு கூச்சல் வந்தது பாருங்கள், கூரையில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துபோனது. மூச்சுவிட நிறுத்தினது, திரும்பவும் கூச்சல். வெளியே அம்மை அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஆத்தாடி, சித்தி தொண்டையில்லா அப்பிடியே வாங்கிட்டு வந்திருக்கு!"

"பொம்பளப்பிள்ள" என்றாள் மருத்துவச்சி. "இத எவன் கெட்டப்போறானோ, அவன் பாடு."

அக்கா அழுதாள், சிரித்தாள், "அழட்டும், அழட்டும், யாரும் அமத்தாதிய" என்றாள். அவ்வளவு நேரமும் என் கையை அவள் விடவில்லை. அப்போதுதான் விட்டாள். பிள்ளையை வாங்க இரண்டு கை வேண்டும் அல்லவா.